பழைய துப்பாக்கியும் பழைய வீணையும்

துப்பாக்கியைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் இதுவரை கையாண்ட ஆயுதங்களில் மிகக் கொடியது அரிவாள்மணை. அதிலும் காயம் பட்டது நமக்கேயொழியக் கத்தரிக்காய்க்கு அன்று. ஆயினும், பழைய துப்பாக்கி ஒன்றைக் குறி தவறாமல் சுடச் செய்வது எப்படி என்ற விஷயத்தைச் சில காலமாக ஆசையோடு படித்து வருகிறோம். அதைப் புரிந்துகொள்ள நமக்கு உதவியது நம் வீட்டுப் பழைய வீணை. வீணையின் கதையைப் பின்னால் சொல்கிறோம். முதலில் ஒரு புலியின் கதை.

1907-ஆம் வருஷம். இமயமலைச் சாரலில், குமாவுன் பிரதேசத்துச் சம்பாவத் என்னும் ஊரைச் சுற்றி ஒரு பெண்புலி மனிதர்களைத் தின்று வந்தது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்றபின் அங்கிருந்து விரட்டப்பட்டு இந்தப் பக்கம் வந்த புலி அது. மொத்தம் 436 பேரை அது கொன்றதாக ஜிம் கார்பெட் கணக்குச் சொல்லியிருக்கிறார். அதைச் சுட்டு வீழ்த்தியவர் அவரே. புலி செத்த பிறகு அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப் பற்களில் மேற்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. என்றோ, எவரோ, சரியாகக் குறி பார்க்காமல் சுட்ட குண்டின் வேலை. மானையும் பன்றியையும் கவ்விப் பிடிக்கப் பல் இல்லாமற்போன புலி, ஓடத் தெரியாத இரையைத் தேடி வந்தது.

அதே கதையில் இன்னொரு துப்பாக்கியும் வருகிறது. கார்பெட் அன்று மூன்றே தோட்டாக்கள் வைத்திருந்தார். அவை தீர்ந்தபோது புலி காயத்துடன் எதிரே நின்றது. ஓடிப் போய்த் தாசில்தாரின் கையிலிருந்த பழைய துப்பாக்கியை வாங்கி வந்தார். மூடினாலும் முழுதும் மூடாமல் இடைவெளி தெரிந்த துப்பாக்கி அது. 20 அடி தூரத்தில் புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு போய்ப் பாய்ந்த இடம் வலது முன்னங்கால்! நல்ல வேளையாக, முன்பே பட்ட காயங்களால் புலி சாகும் தறுவாயில் இருந்தது. இல்லாவிட்டால் இந்தக் கதையை நமக்குச் சொல்லக் கார்பெட் இருந்திருக்கமாட்டார்.

தவறிய குண்டு ஒன்று அந்தப் புலியை மனிதத் தின்னியாக்கியது. தவறிய இன்னொரு குண்டு அதைக் கொல்ல வந்தவரையே தின்னக் கொடுத்திருக்கும். துப்பாக்கி குறி தவறாமல் சுடவேண்டும் என்பது வெறும் பந்தய ஆசையல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

* * *

அந்தப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்து லெப்டினென்ட் கவர்னர் ஸர் ஜான் ஹ்யூவெட், கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பெனியார் செய்த .275 ரைபிள் அது. 1930-இல் சௌகர் பெண்புலியை எதிர்ப்பட்டபோது கார்பெட்டின் இடது கையில் பறவை முட்டைகள் இருந்தன. வலது கை ஒன்றினாலேயே இந்த ரைபிளை மெல்லத் திருப்பிச் சுட்டார். முட்டையும் உடையவில்லை, குறியும் தவறவில்லை. 2015-இல் அந்த ரைபிளை ரிக்பி கம்பெனியாரே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பெயர் ரிக்பி என்றாலும், அதன் உயிர்நிலையான தாழ்ப்பாள் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஓபர்ன்டார்ப் என்ற ஊரில் பால் மௌஸர் என்பவர் அமைத்து, 1898-இல் ஜெர்மன் சேனை ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் போலவே அதன் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும். கைப்பிடியை மடக்கினால் பூட்டிக்கொள்ளும். தாழ்ப்பாளின் முன்புறத்தில் உள்ள இரண்டு கனத்த பற்கள் வெடியின் வேகத்தைத் தாங்குகின்றன. அவை என்றேனும் தோற்றுப் போனால் காப்பதற்காகப் பின்புறத்தில் மூன்றாவது பல் ஒன்றையும் மௌஸர் வைத்தார். அமெரிக்காவின் 1903-ஆம் வருஷத்து ஸ்பிரிங்பீல்டு ரைபிள் இந்த வழியைப் பின்பற்றியது. அதற்காக அமெரிக்க சர்க்கார் மௌஸர் கம்பெனிக்கு 200,000 டாலர் கொடுக்க நேர்ந்தது.

இரண்டு மகாயுத்தங்களும் முடிந்த பிறகு இத்தகைய சிப்பாய் ரைபிள்கள் அமெரிக்காவில் மலிந்துபோயின. 1968-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கும் வரையில், கடிதம் எழுதித் தபாலிலேயே வாங்கிக்கொள்ளலாம். குடியானவர்களும் குமாஸ்தாக்களும் வாங்கி, கனமான மரத்தைச் செதுக்கி, மான் வேட்டைக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த ரைபிள்கள் இன்று பேரன்மார் கையில் இருக்கின்றன. "தாத்தா துப்பாக்கி கண்டபடி சுடுகிறது, என்ன செய்யலாம்?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

* * *

குறி தவறாமை என்றால் என்ன? ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து முறை சுட்டால், ஐந்து குண்டும் ஒன்றையொன்று நெருங்கி விழவேண்டும். அவை புள்ளியைவிட்டுத் தள்ளி விழுந்தால் பாதகமில்லை; குறிக்காயைச் சற்று நகர்த்திச் சரிசெய்துவிடலாம். சிதறி விழுந்தால் நகர்த்துவதற்கு ஒன்றுமில்லை.

பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் பாகை, கலை என்னும் அளவுகளை அறிவார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. 100 கஜ தூரத்தில் ஒரு கலை என்பது ஏறக்குறைய ஓர் அங்குலம். பழைய வேட்டை ரைபிள் மூன்று கலைக்குள் சுட்டால் அதன்மீது குறை சொல்வதற்கில்லை. ஒரு கலைக்குள் சுட்டுவிட்டாலோ, அதன் சொந்தக்காரர் ஓட்டை விழுந்த காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார்.

இந்தக் கணக்குக்கு ஒரு பிரயோஜனம் உண்டு. மானின் இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம். மூன்று கலை ரைபிள் 100 கஜத்தில் 3 அங்குலமும், 200 கஜத்தில் 6 அங்குலமும், 300 கஜத்தில் 9 அங்குலமும் சிதறும். ஆக, 300 கஜத்தில் கை கொஞ்சமும் நடுங்காதவன் சுட்டாலும், மான் உடனே விழுமா, அல்லது குடல் கிழிந்து இரண்டு நாள் புதரில் கிடந்து சாகுமா என்பது விதியின் கையில் போய்விடுகிறது. ரைபிளைச் செப்பனிடுவதன் முழு நியாயமும் அந்த ஓர் அங்குலத்துக்குள் அடங்கியிருக்கிறது.

* * *

செப்பனிடுமுன் கேட்கவேண்டிய கேள்வி இரண்டு. இதைத் தொடலாமா? சுடலாமா?

முதற்கேள்வி ஏன் என்றால், அந்தக் காலத்தில் எத்தனையோ அருமையான ரைபிள்களின் மரத்தை அறுத்தும், குழலைக் குறைத்தும், முத்திரைகளைத் தேய்த்தும் கெடுத்துவிட்டார்கள். உருக் குலையாத பழைய ரைபிளுக்கு இன்று பெருமதிப்பு. ஏற்கெனவே அறுபட்டுப் போனதைத்தான் மனச்சாட்சி உறுத்தாமல் திருத்தலாம்.

இரண்டாம் கேள்வி உயிரைப் பற்றியது. ஸ்பிரிங்பீல்டு தொழிற்சாலையில் 800,000-க்குக் குறைந்த எண் பொறித்து வந்த ரைபிள்களில், இரும்பைக் காய்ச்சிய முறையில் குறையிருந்ததால், சில கண்ணாடிபோல் உடைந்தன. 1893, 1895-ஆம் வருஷத்து மௌஸர்களுக்கு அந்த மூன்றாவது காவல் பல் கிடையாது. இவற்றில் அதிக வேகத் தோட்டாக்களுக்கு ஆசைப்படுவது அறிவீனம். எந்தப் பழைய ரைபிளாயினும் தாழ்ப்பாளுக்கும் தோட்டாவுக்கும் இடையே உள்ள இடத்தை, தேர்ந்த கம்மியர் ஒருவர் அளவுகோல் கொண்டு சோதித்தபின்பே சுடவேண்டும். துப்பாக்கிகளின் மர்மமெல்லாம் அறிந்த பால் மௌஸரே 1901-இல் ஒரு சோதனைத் துப்பாக்கி வெடித்துத் தம் கண் ஒன்றை இழந்தவர்.

இனி, நோய் இன்னதென்று அறியவேண்டும். மேஜைமீது மணல் மூட்டைகளை வைத்து, அவற்றின்மேல் ரைபிளைக் கிடத்தி, நிதானமாக ஐந்து குண்டு சுட்டு, காகிதத்தில் தேதி போட்டு வைத்துக்கொள்ளவேண்டும். மெல்லிய வேட்டைக் குழல் மூன்று நான்கு வெடிக்குள் சூடேறி வழிமாறும். ஆகையால் ஆறவிட்டுச் சுடவேண்டும். காட்டில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வெடி, அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து. அந்த முதல் குண்டு எங்கே போகிறது என்பதைத் தனியே குறித்துக்கொள்வது விவேகம்.

பிறகு, பணச் செலவில்லாத வைத்தியம். மரத்தையும் இரும்பையும் பிணைக்கும் திருகாணிகளை முடுக்கிப் பார்க்கவேண்டும். பல வருஷம் மரம் வற்றியதில் அவை தளர்ந்திருக்கும். பிறகு குழலைக் கழுவவேண்டும். குண்டின் மேலுறையிலுள்ள செம்பு, குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்களில் அப்பிக்கொண்டு, வெடிக்கு வெடி வழியைக் கெடுக்கிறது. அதைக் கரைக்கும் மருந்தை ஊற்றித் துணித்துண்டை உள்ளே ஓட்டினால் துணி நீலப்பச்சையாக வரும். தாத்தா காலத்துச் செம்பை வெளியேற்றப் பல நாள் பிடிப்பதும் உண்டு. அதன்பின், இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களை வாங்கிச் சுட்டுப் பார்க்கவேண்டும். பழைய 7 மில்லிமீட்டர் மௌஸரின் பள்ளங்கள், 173 கிரெயின் எடையுள்ள நீண்ட குண்டுக்காக இறுக்கமாகச் சுற்றி வெட்டப்பட்டவை. அதற்கு எந்தக் குண்டு பிடிக்கும் என்பதை ரைபிளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். "ரைபிள் கெட்டுவிட்டது" என்று அழுதவர்களில் பலருடைய துயரம் இந்த மூன்று காரியங்களிலேயே தீர்ந்துபோகிறது.

* * *

தீராவிட்டால்? இங்கேதான் நம் வீணை வருகிறது.

நம் வீட்டு வீணை ஒரு மழைக்காலத்தில் அபஸ்வரம் பேசத் தொடங்கியது. பிருடையை எவ்வளவு திருகினாலும் சரிப்படவில்லை. "குடம் பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்" என்று யோசனை சொன்னவர்கள் பலர். கடைசியில் வந்த ஒரு கிழவர், தந்தியைத் தொடவே இல்லை. மெட்டுக்களை விரலால் அழுத்திப் பார்த்தார். "வீணைக்கு ஒன்றுமில்லை. மெழுகுதான் இளகிவிட்டது" என்றார். 24 மெட்டுக்களையும் பெயர்த்து, பழைய மெழுகைச் சுரண்டி, புது மெழுகு வார்த்து, ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக் கேட்டுப் பதித்து மேளம் கட்டினார். வீணை மறுபடி பாடிற்று. உலோகம் கெடவில்லை, மரமும் கெடவில்லை, இரண்டும் சேரும் இடம்தான் கெட்டிருந்தது.

ரைபிளின் கதையும் இதுவே. தாழ்ப்பாள் அமர்ந்திருக்கும் இரும்புக் கூட்டின் அடியில் ஒரு பல் உண்டு. வெடிக்கும்போது எழும் பின்னுதையை அதுதான் மரத்துக்குக் கொடுக்கிறது. எண்பது, நூறு வருஷத்தில் எண்ணெய் ஊறி மரம் மெத்தென்று ஆகி, அந்தப் பல்லுக்குப் பின்னால் பள்ளம் விழுந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு சற்று நகர்ந்து, வெவ்வேறு இடத்தில் உட்காருகிறது. உட்காரும் இடம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறுகிறது. இதற்குச் செய்யும் பரிகாரம், மேளம் கட்டுவதைப் போன்றதே. எண்ணெய் ஊறிய மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்ஸி என்னும் பிசினைக் குழைத்து அங்கே வார்த்து, அதன்மேல் இரும்பைப் பதித்து ஒருநாள் விட்டுவிட்டால், பிசின் இறுகிக் கல்லாகி, இரும்பின் அச்சுக்கு அச்சாகப் பிடித்துக்கொள்ளும். இரும்பில் முன்னதாக மெழுகைத் தடவ மறந்தவருடைய ரைபிளும் மரமும் ஆயுளுக்கும் பிரியாத தம்பதிகளாகிவிடும் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைக்கவேண்டும். திருகாணியைச் சுற்றி உலோகக் குழாய் வைத்து மரம் நசுங்காமல் காப்பதையும் இக்காலத்தில் பெரிய சீர்திருத்தமாகச் சொல்லுகிறார்கள். மௌஸர் தம் ரைபிளின் பின் திருகாணிக்கு அத்தகைய குழாயை அந்த நாளிலேயே வைத்திருந்தார்.

அடுத்தது குழல். வெடிக்கும் கணத்தில் குழல் தம்புராத் தந்தியைப் போல் அதிர்கிறது. தந்தியின்மேல் விரல் பட்டால் நாதம் என்ன ஆகும்? மழையில் ஊதிய மரம் குழலின் பக்கவாட்டில் முட்டினாலும் அப்படியே. ஐப்பசி மாதத்தில் மூடமாட்டேனென்று அடம்பிடிக்கும் கதவை நாம் அறிவோம். அந்த மரத்தின் குணம்தான் இந்த மரத்துக்கும். ஆகவே, குழலின் கீழ் மரத்தைக் கொஞ்சம் இழைத்து, ஒரு டாலர் நோட்டை இரண்டுக்கும் நடுவே செருகி, தடையில்லாமல் கடைசி வரை ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். சில மெல்லிய குழல்களுக்கு நுனியில் சிறிது முட்டுக் கொடுத்தால்தான் நிதானம் வரும் என்பதும் உண்மை. ஆதலால் இழைத்தபின் சுட்டுப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும்.

குழலின் வாய் விளிம்பையும் மறக்கக்கூடாது. குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அதுவே. அங்கே கடுகளவு வடு இருந்தாலும், பின்னால் வரும் வெடிப்புகை ஒருபக்கமாகப் பீறிக் குண்டைத் தள்ளிவிடும். கம்மியர் சில நிமிஷத்தில் அதைச் சீராகக் கடைந்து கொடுத்துவிடுவார்.

விசை அடுத்தபடி. சிப்பாய் ரைபிளின் விசையை இழுக்க ஆறு ராத்தல் பலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரைபிளின் எடையே எட்டு ராத்தல்தான்! இழுக்கிற இழுப்பில் ரைபிளே அசையாமல் என்ன செய்யும்? மூன்று ராத்தலில் சுருக்கென்று விடும் புதிய விசை ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதற்கும் கீழே இறக்குவது காட்டில் ஆபத்து. குளிரில் மரத்த விரலுக்கு எல்லை தெரியாது. பொருத்திய பின்பு, தோட்டா இல்லாமல், அடிக்கட்டையைத் தரையில் தட்டிப் பார்க்கவேண்டும். தட்டினால் விடும் விசை, கூட வருகிறவனின் எமன்.

இனித் தூரதிருஷ்டிக் கண்ணாடி. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பழைய குறிக்காயில் பின் பிளவு, முன் முனை, தூரத்து மான் ஆகிய மூன்றையும் கண் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்கவேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணால் அது ஆகிற காரியமன்று. கண்ணாடியிலோ குறுக்குக் கோடும் மானும் ஒரே தளத்தில் தெரிகின்றன. நாலு மடங்கு பெரிதாக்கும் சாதாரணக் கண்ணாடியே வேட்டைக்குப் போதும். ஆனால் சிப்பாய் மௌஸரின் தாழ்ப்பாள் கைப்பிடி தூக்கும்போது கண்ணாடியில் இடிக்கும். அதை வளைத்துத் தாழ்த்தவேண்டும். மேல்நோக்கித் திரும்பும் காவல் நெம்பும் இடிக்கும், அதையும் மாற்றவேண்டும். இரும்பில் துளையிட்டு மரை வெட்டுவது கம்மியருடைய வேலை. கோணலாகிவிட்டால் திருத்த முடியாது.

இவ்வளவும் செய்தபின் மறுபடி ஐந்து குண்டு சுட்டு, பழைய காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அப்போதும் சிதறினால்தான் புதுக் குழலைப் பற்றி யோசிக்கவேண்டும். அதற்கு ஆகும் செலவில் புது ரைபிளே வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்குச் சரிதான். தாத்தா தூக்கித் திரிந்த மரத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை, அவ்வளவே.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சுட்டுப் பார்க்கவேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாது. மூன்று வைத்தியர்களின் மருந்தையும் ஒரே வேளையில் குடித்த நோயாளியின் நிலைமைதான்.

* * *

நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ஆம் வருஷத்துத் திருத்தமும் சேர்ந்து வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அது நன்மைக்கே. கார்பெட் பிற்காலத்தில் துப்பாக்கியைவிடப் படம்பிடிக்கும் காமிராவையே விரும்பி எடுத்துச் சென்றார். 1936-இல் ஏற்பட்ட தேசியப் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே இந்த வித்தையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்டால், வேட்டை சட்டப்படி நடக்கும் தேசங்களில் வருஷந்தோறும் எத்தனையோ பேர் காட்டுக்குள் போகிறார்கள். அவர்கள் கையிலிருப்பது சரியாகச் சுடும் துப்பாக்கியா என்பது அந்தக் காட்டிலுள்ள ஒவ்வொரு மானையும் பொறுத்த கேள்வி.

இவ்வளவு சிரமப்பட்டுத் தாத்தா துப்பாக்கியைச் செப்பனிட்ட பேரனுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் எது? மூன்று அங்குலம் ஒன்றரை அங்குலமாகக் குறைந்ததுதான் என்று முதலில் நினைத்தோம். இப்போது நம் அபிப்பிராயம் வேறு. மணல் மூட்டைமேல் பல நாள் சுட்டுச் சுட்டு, தேதி போட்ட காகிதங்களை அடுக்கி வைத்தவனுக்குத் தன் துப்பாக்கி எத்தனை கஜம் வரை நம்பத் தக்கது என்பதும், தன் கை அதைவிட எவ்வளவு குறைவாக நம்பத் தக்கது என்பதும் ஐயமறத் தெரிந்துவிடுகின்றன. தூரத்தில் மான் நிற்கும்போது, "இது என் எல்லைக்கு அப்பால்" என்று துப்பாக்கியைத் தாழ்த்த அவனால் முடியும்.

சம்பாவத் புலியின் பல்லை உடைத்த அந்தப் பெயர் தெரியாத மனிதன் அன்று அப்படித் தாழ்த்தியிருந்தால், 436 வீடுகளில் அழுகுரல் கேட்டிராது.